வெறும் வயிற்றில் ஒன்று

மார்ச் 3, திங்கள்

சூப்பர்வைசர் அம்மாவுக்கு,

இன்று மார்ச் மூன்று, காலை ஆறு மணி பத்து நிமிடம். முதல் மாத்திரை உள்ளே போய்விட்டது. டப்பாவில் இன்னும் தொண்ணூற்றொன்பது இருக்கின்றன. வெறும் வயிற்றில் ஒன்று, அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு எதுவும் கூடாது, டீகூடக் கிடையாது என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தில்தான் இதை எழுதுகிறேன். "போன்ல உன் 'ம்'மைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. பேசணும்னா தாள்ல எழுது, ஒரு பக்கத்துக்குக் குறையக் கூடாது" என்று கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போனாய். ஐந்து மாதமாக எழுதவில்லை. இப்போது எழுதக் காரணம் இருக்கிறது.

எனக்குத் தைராய்டு. போதுமான அளவு சுரக்கவில்லையாம்.

கம்பெனியில் எல்லோருக்கும் உடம்புப் பரிசோதனை வைத்தார்கள். நாடியைப் பிடித்துப் பார்த்த நர்ஸ் என்னை மட்டும் தனியாக உட்கார வைத்து டாக்டரிடம் அனுப்பினாள். அந்தம்மா என் கணுக்காலுக்குப் பின்னால் சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் துள்ளியது. திரும்பி வருவதற்குத்தான் அதற்கு அவசரமே இல்லை.

"எவ்வளவு நாளா இப்படி?"

"எப்படி?"

"இப்படித்தான். மெதுவா."

"நான் மெதுவா இல்லையே."

"நீங்க பதில் சொல்றதுக்குள்ள நான் பாதிச் சீட்டு எழுதிட்டேன்."

ரத்தத்தில் டி.எஸ்.எச். எண்பத்தாறு. உனக்குப் புரியும்படி சொல்கிறேன். மூளைக்கு அடியில் இருக்கும் ஒரு சுரப்பி, கழுத்தில் இருக்கும் சுரப்பியைப் பார்த்து "வேலையைச் செய்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். மற்றவர்களுக்கு அது இரண்டு, மூன்று என்ற அளவில் முணுமுணுக்கும். எனக்கு எண்பத்தாறு அளவுக்குக் கத்துகிறது. கழுத்து காதிலேயே வாங்கவில்லை.

ஆக, காரணம் தெரிந்துவிட்டது. ஊர் ஊராகப் போய் ஃபாக்டரித் தராசுகளைச் சரிபார்க்கிற எனக்கு இதைப் பிரித்துப் பார்ப்பது பெரிய விஷயமில்லை. கடந்த இரண்டு வருடத்தில் நமக்குள் நடந்த பெரிய சண்டைகளை நினைத்துப் பார்த்துப் பட்டியல் போட்டேன். பதினொன்று வருகிறது. உன் அப்பாவின் கண் ஆபரேஷன் அன்று வராமல் தூங்கியது, தைராய்டு. உன் பதவி உயர்வுக்கு நீ ஸ்வீட் வாங்கி வந்தபோது "வை" என்று மட்டும் சொன்னது, தைராய்டு. இப்படியே போனால் ஒன்பது தைராய்டு. இரண்டு நீ.

எண்பத்தாறு குறைந்துவிட்டால் நீ கிளம்பிப் போனதற்கான காரணமும் இல்லை. அந்த வெளியூர் ஹோட்டல் சலவைப் பிரிவில் உன் ஆறு மாதம் ஏப்ரல் ஐந்தோடு முடிகிறது. அங்கேயே நிரந்தரமாக இருந்துவிடு என்று உன் மேனேஜர் கேட்டால் முடியாது என்று சொல்லிவிடு. அதற்குள் நான் சரியாகிவிடுவேன்.

மணி ஏழு பத்து. டீ போடப் போகிறேன்.

அளவுக்காரன்


மார்ச் 8, சனி

அளவுக்காரருக்கு,

தங்கள் அறிக்கை கிடைத்தது.

டிரையரிலிருந்து டவல் வண்டி வந்து நிற்கிற நேரத்தில் தபாலைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். சூடான டவல் மூட்டைகளுக்கு நடுவில் நின்று படித்தேன். அழுகை வந்தது. "இரண்டு நீ" என்ற இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. அதற்கு நன்றி.

அந்த இரண்டு எது என்று எழுதவில்லையே. பயமா?

டாக்டரைப் பார், டாக்டரைப் பார் என்று நான் எத்தனை தடவை சொன்னேன். குரல் கரகரக்குது, புருவம் ஓரத்தில் உதிருது, வெயில் காலத்தில் போர்வை கேக்கறே என்று ஒன்றொன்றாகச் சொன்னேன். "வேலை அலுப்பு" என்றாய். நர்ஸ் ஒருத்தி கையைப் பிடித்ததும் காரணம் தெரிந்துவிட்டது. சரி, எப்படியோ தெரிந்ததே, போதும்.

உன்னைப் பாறாங்கல் என்று கூப்பிட்டிருக்கிறேன். சோம்பேறி என்றும், கட்டிலோடு கல்யாணம் செய்துகொண்டவன் என்றும் என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். உடம்பு முடியாத ஆளைப் பார்த்தா இதையெல்லாம் சொன்னோம் என்று நெஞ்சு உறுத்துகிறது. உறுத்தட்டும். ஆனால் அந்த உறுத்தலைக் கயிறாகத் திரித்து என்னை இழுத்துக்கொண்டு போகப் பார்க்காதே.

அப்பா ஆபரேஷனை ஒரே வரியில் முடித்துவிட்டாய். கண்ணில் கட்டோடு படுத்துக்கொண்டு அவர் கேட்டார், "மாப்பிள்ளை எங்கம்மா?" வண்டியை நிறுத்தப் போயிருக்கார்ப்பா என்றேன். மறுபடி கேட்டார். மறுபடி அதையே சொன்னேன். நாலு மணி நேரமாக ஒருத்தன் வண்டி நிறுத்துவானா? அவரும் நம்புகிற மாதிரியே தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எந்தக் கணக்கில் வரும்?

இங்கே இஸ்திரிப் பிரிவில் ஒரு அக்கா இருக்கிறார். இதே மாத்திரையைப் பல வருஷமாகச் சாப்பிடுகிறார். உன் விஷயத்தைச் சொன்னேன். விரிப்பை உருளையில் விட்டுக்கொண்டே சிரித்தார்.

"மாத்திரை போட ஆரம்பிச்ச அப்புறம்தான்டி நான் வாயே திறந்தேன். எங்க வீட்டுக்காரருக்கு அது ஆகலை. 'நோயா இருந்தப்போ எவ்வளவு நல்ல பொண்டாட்டியா இருந்தா'ன்னு இன்னிக்கும் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறார்."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"வேணும்னா நீங்க எனக்குப் பதிலா படுத்துக் கிடங்கன்னு சொல்வேன்."

நானும் சிரித்தேன். அறைக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

எண்பத்தாறு என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறாய். நீ எப்படி இருக்கிறாய் என்று ஓரிடத்திலும் இல்லை. மேனேஜர் கேட்டுவிட்டார். ஐந்தாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது.

உன் பெண்டாட்டி
(தற்போதைக்கு)


மார்ச் 14, வெள்ளி

சூப்பர்வைசர் அம்மாவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டாய். சொல்கிறேன். காலையில் சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து இளைப்பாறுகிறேன். பல் தேய்த்ததும் ஒரு வேலை முடிந்த மாதிரி இருக்கிறது. நேற்று ஒரு தீவன ஃபாக்டரி. லாரி ஏற்றுகிற பெரிய தராசு. இருபது கிலோ எடைக்கல் ஒவ்வொன்றாகத் தூக்கி வைக்க வேண்டும். ஆறாவது கல்லோடு நின்றுவிட்டேன். கம்பெனி வேன் டிரைவர் அண்ணன் மிச்சத்தைத் தூக்கி வைத்தார். கடைசிக் கல்லை வைத்துவிட்டு, "தம்பி, இதுக்கும் என் சம்பளத்துக்கும் சம்பந்தமே இல்லை, தெரியுமில்ல?" என்றார். இப்படி இருக்கிறேன். போதுமா?

மாத்திரை ஒன்றும் செய்யவில்லை. டாக்டர் எழுதிய தேதி வரை காத்திருக்க முடியாமல் செவ்வாய்க்கிழமை நானே ஒரு லேபில் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். எழுபத்தொன்பது. ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

"யார் இப்போ டெஸ்ட் பண்ணச் சொன்னது?"

"யாரும் சொல்லலை. குறைய மாட்டேங்குதே."

"ஆறு வாரம் ஆகும்னு சொன்னேனில்ல?"

"அளவைக் கூட்டினா சீக்கிரம் ஆகுமில்ல?"

"உங்க இதயம் ரொம்ப வருஷமா நடந்து பழகியிருக்கு. திடீர்னு ஓடச் சொன்னா விழுந்துடும். ஐம்பது மைக்ரோகிராம், தினம் ஒண்ணு. ஏப்ரல் பதினாலு வாங்க."

கதவு வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிக் கேட்டேன், எத்தனை வருஷமா இருந்திருக்கும் என்று. மூன்று இருக்கலாம், நான்கும் இருக்கலாம் என்றார்.

என் வேலையில் கல்லை வைத்தால் எண் வரும். பத்து கிலோ வைத்தால் பத்து கிலோ காட்ட வேண்டும், காட்டாவிட்டால் ஸ்க்ரூவைத் திருக வேண்டும். மூன்று விநாடி. ஆறு வாரம் கழித்து எண் காட்டுகிற தராசை நான் இதுவரை பார்த்ததில்லை. அப்படி ஒன்றை எந்த முட்டாள் செய்தானோ, அதைத்தான் என் கழுத்தில் வைத்திருக்கிறார்கள்.

உன் முடிவு ஏப்ரல் ஐந்து. டாக்டரின் டெஸ்ட் ஏப்ரல் பதினாலு. ஒன்பது நாள் இடிக்கிறது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ மேனேஜரிடம் வாயைத் திறக்காமல் இரு.

அந்த இரண்டு எது என்று நேரில் சொல்கிறேன்.

அளவுக்காரன்


மார்ச் 19, புதன்

என் அளவுக்காரனுக்கு,

ஆறாவது கல்லோடு நின்றுவிட்டேன் என்று எழுதியிருந்தாய். உன்னிடமிருந்து இப்படி ஒரு வரி எனக்கு இதற்கு முன் கிடைத்ததே இல்லை. இரண்டு வருஷம் பக்கத்தில் படுத்திருந்தபோது சொல்லியிருக்கலாம். சொல்லத் தெம்பு இருந்திருக்காது. அதுவும் இப்போது புரிகிறது.

இன்றைக்குக் கல்யாணக் கூட்டம் ஒன்று காலி செய்துவிட்டுப் போனது. விரிப்பெல்லாம் மையும் மருதாணியுமாகக் கறை. காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறேன், கால் என்னுடையதாகவே இல்லை. ஆனாலும் இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

மூன்று வருஷம், நான்கு வருஷம் என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். நமக்குக் கல்யாணம் ஆகி இரண்டரை வருஷம். உன்னை முதலில் பார்த்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். பழைய ஹோட்டலில், துணி மூட்டை நிறுக்கிற தராசைச் சரிபார்க்க வந்தாய். அன்றைக்கு அந்த இடமே சந்தை மாதிரி இருந்தது. மேனேஜர் கத்துகிறார், டிரையர் நின்றுபோச்சு, மாடியிலிருந்து "டவல் எங்கே, டவல் எங்கே" என்று போன் மேல் போன். நீ மட்டும் மூலையில் ஒரு தராசுக்கு முன்னால் உட்கார்ந்து, கல்லை வைப்பதும் எடுப்பதும் எழுதுவதுமாக மதியம் முழுக்க இருந்தாய். ஒரு தடவைகூட மூஞ்சி மாறவில்லை. இந்த உலகத்தில் அவசரப்படாத ஒரு ஆம்பளை இருக்கான் என்று நினைத்தேன். என் வீட்டில் எல்லோருக்கும் மூக்குக்கு மேல் கோபம், உனக்குத் தெரியும். அந்த நிதானத்தைத்தான் நான் கட்டிக்கொண்டேன்.

அது நீயா, தைராய்டா?

சண்டைகளை மட்டும் பிரித்து எழுதினாயே, இதை எந்தப் பக்கம் எழுதுவாய்? கெட்டதெல்லாம் நோய், நல்லதெல்லாம் நான் என்று வைத்துக்கொள்வது உனக்கு வசதி. எனக்கு அப்படி வெட்ட வரவில்லை.

இப்போது கடிதம் எழுதுகிற ஆளை எனக்குத் தெரியாது. பட்டியல் போடுகிறான், டாக்டரோடு மல்லுக்கு நிற்கிறான், மேனேஜரிடம் வாயைத் திறக்காதே என்று எனக்கு உத்தரவு போடுகிறான். என் ஆள் எதற்கும் சரி என்றுதான் சொல்வான். அவன் சரி சரி என்று சொன்னதில்தான் எனக்குப் பைத்தியம் பிடித்தது என்பதும் உண்மை. ஆனாலும் பயமாக இருக்கிறது. மாத்திரை முழுசாக வேலை செய்த பிறகு கதவைத் திறந்தால் உள்ளே யார் இருப்பார்?

பதில் எழுது. எண் வேண்டாம்.

உன்
பெண்டாட்டி


மார்ச் 24, திங்கள்

உனக்கு,

நான் நன்றாகிவிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று மணி நேரம் தூங்கினால் போதும் போலிருக்கிறது. வீட்டை முழுக்க ஒட்டடை அடித்துவிட்டேன். அலமாரியைத் தனியாக நகர்த்தி மறுபக்கம் வைத்திருக்கிறேன், உனக்குப் பிடிக்காவிட்டால் பழைய இடத்திலேயே வைத்துவிடலாம், இப்போதே வேண்டுமானாலும் வைப்பேன். கதவுக் கீல் மூன்றும் மாற்றியாச்சு. ஆபீசில் ஒரு மணி நேரம் நின்று வாதாடி வேன் ரூட்டையே மாற்ற வைத்தேன். பேனா சரியில்லை, இழுத்து இழுத்து எழுதுகிறது, கோபித்துக்கொள்ளாதே.

நீ எழுதியதைப் பல தடவை படித்தேன். படிக்கப் படிக்கக் கோபம்தான் வருகிறது. எழுந்து நடக்க முடியாமல் கிடந்தவனைப் பார்த்து நிதானம், நிதானம் என்று மயங்கினாயா? உனக்குப் புருஷன் வேண்டாம், ஒரு மேசை போதும். மேலே துணி விரித்து வைத்தால் பேசாமல் நிற்கும். இஸ்திரி அக்கா வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தாயே, அவருக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்? நோயாக இருந்தபோது நல்ல புருஷனாக இருந்தான் என்றுதானே நீயும் எழுதியிருக்கிறாய்? ஒரே ஒரு வித்தியாசம், அவராவது வீட்டில் இருக்கிறார். நீ வசதியாகக் கிளம்பிப் போய்விட்டாய்.

ஐந்தாம் தேதிக்குள் எண்ணை நான் கையில் கொண்டுவந்து காட்டுகிறேன். அப்போது பேசு.

வேர்த்துக் கொட்டுகிறது. ஜன்னலைத் திறந்துவிட்டு வருகிறேன். எழுதி முடித்தாகிவிட்டது, திரும்பி வர வேண்டியதில்லை.


மார்ச் 27, வியாழன்

சண்டைக்குப் பதில் பிறகு. அதை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே.

உன் எழுத்து அச்சடித்த மாதிரி நிற்கும். மளிகைச் சாமான் சீட்டில்கூடக் கோடு தாண்டாது. இந்தக் கடிதத்தில் வரியெல்லாம் மேலும் கீழும் ஓடுகிறது. 'ன்' போடுகிற இடத்தில் பேனா மூன்று தடவை குத்தியிருக்கிறது. பேனாவைக் குறை சொல்கிறாய். கையெழுத்தே போடவில்லை.

இஸ்திரி அக்காவிடம் காட்டினேன். அவர் வீட்டுக்காரரைப் பற்றி எழுதியிருந்ததை உள்பக்கம் மடித்துவிட்டுத்தான் காட்டினேன். "எனக்கும் ஒரு தடவை அளவு கூடிப் போனப்போ கை இப்படித்தான்டி ஆடிச்சு. டம்ளரைப் பிடிக்க முடியலை" என்றார்.

எத்தனை சாப்பிடுகிறாய்? என்னிடம் பொய் சொல்ல வேண்டாம். ஒன்று என்று எழுதாதே.

உனக்குப் போன் செய்தால் ஒண்ணுமில்லை என்பாய். தபால் வந்து சேரும் வரைக்கும் காத்திருக்க எனக்கு மனசில்லை. டிரைவர் அண்ணன் நம்பர் என்னிடம் இருக்கிறது.


ஏப்ரல் 1, செவ்வாய்

சூப்பர்வைசர் அம்மாவுக்கு,

நீ டிரைவர் அண்ணனிடம் பேசியது எனக்கு மறுநாள் அவர் வாயிலிருந்துதான் தெரியும்.

நான்கு. பன்னிரண்டாம் தேதியிலிருந்து இரண்டு, பதினேழிலிருந்து நான்கு. ஐந்தாம் தேதிக்குள் எண்ணை இறக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஒரு மாத்திரைக்கு இவ்வளவு குறைகிறது என்றால் நான்குக்கு நான்கு மடங்கு. பள்ளிக்கூடக் கணக்கு.

வெள்ளிக்கிழமை ஒரு மருந்து ஃபாக்டரி. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிற சின்னத் தராசு, மூச்சு விட்டால்கூட எண் மாறும். அதில் வைக்கிற எடைக்கல் நகம் அளவுதான், இடுக்கியால் எடுத்து வைக்க வேண்டும். கீழே போட்டேன். மறுபடி எடுத்தேன், மறுபடி விழுந்தது. மேசையில் கையை ஊன்றிக்கொண்டு வைத்தேன். எண் நிற்கவே இல்லை. தராசில் கோளாறு என்று நினைத்து அதைத் திறக்கப் போனேன். ஊன்றியிருந்த என் கைதான் மேசையை ஆட்டிக்கொண்டிருந்தது. அந்த ஃபாக்டரிப் பெண் என்னைப் பார்த்தபடியே நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

அப்போது டிரைவர் அண்ணன் உள்ளே வந்தார். செருப்போடு அங்கே வரக் கூடாது.

"தம்பி, வண்டியில ஏறு."

"வேலை முடியலைண்ணே."

"அது இருக்கட்டும். உங்க வீட்டம்மாகிட்ட என்னால திட்டு வாங்க முடியாது. ஏறு."

நேராக டாக்டரிடம் கொண்டுபோய் நிறுத்தினார். நாடி நூற்று இருபத்தெட்டு. நெஞ்சில் ஒயர் ஒட்டி இதய வரைபடம் எடுத்தார்கள். டாக்டர் அந்த நீளத் தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"தராசு சரிபார்க்கறது."

"நீங்க சரிபார்த்துட்டு இருக்கறப்போ, பின்னாடி ஒருத்தர் நின்னு தானா ஸ்க்ரூவைத் திருகிட்டே இருந்தா என்ன செய்வீங்க?"

"வெளியே போகச் சொல்வேன்."

"நான் சொல்லலை. உட்காருங்க."

ஆபத்து இல்லையாம். ஐந்து நாள் மாத்திரையே கூடாது. நாளை மறுநாளிலிருந்து மறுபடி ஒன்று. ஆறு வாரக் கணக்கு அன்றிலிருந்துதான் தொடங்குமாம், டெஸ்ட் மே நடுவில். டப்பாவை டிரைவர் அண்ணன் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். தினம் காலையில் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பாராம். மறுத்துப் பேச எனக்குத் தெம்பில்லை.

ஆக, ஐந்தாம் தேதிக்கு உனக்குக் காட்ட என்னிடம் எண் எதுவும் கிடையாது.

போன கடிதத்தில் எழுதியதைப் பற்றி. அதை மாத்திரை எழுதியது என்று சொல்லிவிட ஆசையாகத்தான் இருக்கிறது. கை ஆடியது மாத்திரையால். எழுதியது நான். மேசை என்று எழுதியதற்கு மன்னித்துக்கொள். வசதியாகப் போனாய் என்று எழுதியதற்கும்.

நீ கேட்டதற்குப் பதில் எனக்கும் தெரியாது. டாக்டரிடம் கேட்டேன், எது நான், எது நோய் என்று பிரிக்க முடியுமா என்று. "அதுக்கு டெஸ்ட் இல்லையே" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். அன்றைக்கு உங்கள் ஹோட்டலில் அந்தத் தராசு இருபது நிமிட வேலை. முதல் இருபது நிமிடத்திலேயே முடிந்துவிட்டது. எதிரில் நீ விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாய், அதனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். அதை நீ நிதானம் என்று நினைத்திருக்கிறாய்.

களைப்பாக இருக்கிறது. பழைய களைப்புதான்.

அளவுக்காரன்


ஏப்ரல் 4, வெள்ளி

அளவுக்காரனுக்கு,

இருபது நிமிட வேலை என்று மூன்று வருஷம் கழித்துச் சொல்கிறாய். எங்கள் பழைய மேனேஜர் அன்றைக்கு முழு மதியத்துக்கும் உன் கம்பெனிக்குப் பணம் கொடுத்தார். அவர் இருக்கிற திசைக்கு ஒரு கும்பிடு போடு.

அந்த இடத்தைப் படித்துவிட்டு விரிப்பு எண்ணிக்கையைத் தவறவிட்டேன். இரண்டு தடவை எண்ண வேண்டி வந்தது.

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் உனக்குப் பிடிக்காது, எனக்கும் தெம்பில்லை. இன்று காலை கையெழுத்துப் போட்டுவிட்டேன். இங்கேயே நிரந்தரம்.

கோபத்தில் போடவில்லை. அந்த மேசைக் கடிதத்துக்காகவும் போடவில்லை, அதற்கு உனக்குத் தனியாக இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை டிரைவர் அண்ணன் போன் செய்து "ஆளு நல்லா இருக்காரும்மா" என்று சொல்லும் வரைக்கும் நான் துணிக் கிடங்கின் தரையில் உட்கார்ந்திருந்தேன். எனக்காகத்தான் நான்கு சாப்பிட்டிருக்கிறாய் என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஒரு தேதியை நான் சொன்னேன், அதற்காக நீ உன் நெஞ்சை விரட்டியிருக்கிறாய். இன்னொரு தேதி கொடுத்தால் இன்னொன்று செய்வாய். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை உன் ரத்தம் என்ன சொல்கிறது என்று பார்த்து என் வேலையை முடிவு செய்துகொண்டிருக்க என்னால் முடியாது. அதனால் தேதியையே எடுத்துவிட்டேன். இனிமேல் நீ எதற்குள்ளும் சரியாக வேண்டியதில்லை.

இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் சொன்னால் நாற்பது பேர் கேட்கிறார்கள். வீட்டில் ஒரே ஒருத்தரிடம் பேசி, பதில் வராமல், சுவரைப் பார்த்துப் பேசிய பிறகு இது எனக்கு எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. உன்னைக் குத்திக்காட்டவில்லை. அப்படித்தான் இருந்தது, அவ்வளவுதான்.

நம் விஷயத்தில் நான் எந்த முடிவும் எடுக்கவில்லை. யாரோடு என்று தெரியாமல் எப்படி எடுப்பது? வந்து பார். ஒரு நாள், இரண்டு நாள் இரு. ஹோட்டல் கொடுத்த அறைதான். ஒரு ஜன்னல், பின்பக்க லாரி நிற்கிற இடத்தைப் பார்த்தபடி. கட்டில் அகலம் போதும். குளியலறைக் குழாய் ராத்திரி முழுக்கச் சொட்டும், பழகிக்கொள்ள வேண்டும். வந்தால் ரிப்போர்ட் கொண்டுவராதே. தூக்கம் வந்தால் தூங்கு, கோபம் வந்தால் சண்டை போடு, எது எதனால் வருகிறது என்று நான் பார்க்கப் போவதில்லை. கொஞ்ச நாளைக்கு நீயும் பார்க்காதே.

வர மனமில்லை என்றால் அதையும் எழுது. ஒரு பக்கத்துக்குக் குறைந்தாலும் பரவாயில்லை.

உன் பெண்டாட்டி


ஏப்ரல் 8, செவ்வாய்

சூப்பர்வைசர் அம்மாவுக்கு,

நேற்றுக் கிடைத்தது. நேற்றே பதில் எழுதியிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும், அதனால் எழுதவில்லை. வெளியே போய் இரண்டு தெரு சுற்றினேன். மூச்சு வாங்கியது. ஒரு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து நீ கையெழுத்துப் போட்டதை நினைத்துக்கொண்டே போகிற பஸ்ஸையெல்லாம் பார்த்தேன். ஒருத்தர் வந்து "எந்த பஸ்ஸுக்கு நிக்கறீங்க?" என்றார். எதுக்கும் இல்லை என்றேன். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

என்னைக் கேட்காமல் போட்டுவிட்டாய் என்று கோபம் வந்தது உண்மை. நீ என்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். அதுவும் உண்மை. நாற்பது பேர் நீ சொன்னதைக் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

காலையில் டிரைவர் அண்ணன் காகிதப் பொட்டலத்தைக் கொடுத்தபோது விஷயத்தைச் சொன்னேன். "பொண்டாட்டி நிரந்தரமாயிட்டாங்க. இப்போ யாரு தம்பி டெம்பரரி?" என்றார். சிரித்தேன் என்று நினைக்கிறேன். சத்தம் வந்தது.

நான் அங்கே வந்தால் யார் வருவார் என்று எனக்கும் தெரியாது. வருகிற ஆளை நீயே பார்த்துக்கொள். அடுத்துச் செய்யப் போவது:

1. நாளைக் காலை வெறும் வயிற்றில் ஒன்று. மறுநாளும் ஒன்றுதான். மே வரைக்கும் லேப் பக்கம் போக மாட்டேன்.

2. சனிக்கிழமை முதல் பஸ். மதியம் இரண்டு மணிக்கு அங்கே இருப்பேன். வேலையை விட்டுவிட்டு நிலையத்துக்கு வராதே, விசாரித்து வந்துவிடுவேன். வழியில் தூங்கிப்போய் ஊர் தாண்டிவிட்டால் அடுத்த பஸ்ஸில் திரும்பி வருவேன்.

3. வீட்டு ஓனரிடம் காலி செய்வதாகவோ இருப்பதாகவோ எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். கேட்டால் என் பெண்டாட்டியைக் கேட்டுச் சொல்கிறேன் என்பேன்.

4. இங்கே கம்பெனியில் மாற்றல் கேட்டு மனு எழுதினேன். கொடுக்கவில்லை. மேசை டிராயரில் கிடக்கிறது. உன்னைப் பார்த்துவிட்டு வந்த பிறகு கொடுப்பதா, கிழிப்பதா என்று பார்ப்பேன்.

5. அந்தக் குழாய் சொட்டினால் சொட்டட்டும். படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். நீயாகச் சொன்னால்தான் கை வைப்பேன். ஸ்பானரைப் பையில் வைத்துவிட்டேன்.